பல்லா, பத்தியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இல்லை, அந்த வரியை நான் நாவலிலிருந்து எடுக்கவில்லை. நாவல்தான் அதை என்னிடமிருந்து எடுத்தது.

வணக்கம். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்வி காதைவிட்டு இறங்காததால் வரிசை மாறிவிட்டது. இங்கே நான் இடதுபக்கம் நலம். தாங்கள் இருபக்கமும் நலமாக இருக்க விழைகிறேன். இது உருவகம் இல்லை. போகப் போக விளங்கும்.

"ஏம்மா, நாவல்ல இருக்கிற வரியையே எடுத்து மதிப்புரையில போட்டிருக்கீங்களே, மேற்கோள் குறிகூட இல்லாம?" என்றீர்கள். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. வருத்தப்பட்டீர்கள். "இந்த நாவலில் காத்திருப்பு ஓர் உணர்ச்சியாக இல்லை, நாற்காலியாக இருக்கிறது" என்பது நான் எழுதிய வரி. என் இரண்டாவது மதிப்புரையில் இருக்கிறது. இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கும் ஐந்தாவது வடிவத்தில் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி அவரிடம் சொல்கிறாள்: "உங்க காத்திருப்பு ஒரு உணர்ச்சியா இல்லீங்க, நாற்காலியா இருக்கு." சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கிறாள். அடுப்பு நாவலாசிரியருடையது. நாற்காலி என்னுடையது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். 'கடைவாய்' என்ற நாவலை மதிப்புரைக்காக எனக்கு அனுப்பினீர்கள். சின்னக் கதை. வாழ்நாள் முழுக்கக் கடைவாய்ப் பல்வலி, அதை யாரிடமும் சொல்லாத ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். ஒருநாள் அவர் மனைவி காலை வண்டியில் ஏறிப் போய்விடுகிறாள். அந்த வண்டிக்குப் பச்சைக்கொடி காட்ட வேண்டியவர் அவரே. காட்டுகிறார். வண்டி போகிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில், நடைமேடையில், கொடியோடு விழுந்து சாகிறார். அட்டையில் இருந்தது புனைபெயர். எழுதியவர் எங்கள் தெருமுனைப் பல் டாக்டர் என்பது எனக்குத் தெரியாது. அவரிடம்தான் என் வலதுபக்கப் பல்லுக்கு ரூட் கேனல் நடந்துகொண்டிருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. மதிப்புரை எழுதுபவள் நான் என்பது அவருக்குத் தெரியாது. மூன்று பேரும் நிம்மதியாக இருந்தோம்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது உங்கள் இதழின் நெறி. மதிப்புரை அச்சாகும் முன் நூலாசிரியருக்கு ஒரு நகல் போகும். அவர் விரும்பினால் பதில் எழுதலாம். பதிலும் அதன் கீழேயே அச்சாகும். நல்ல நெறி. வேறு எந்த இதழிலும் இல்லாத நாகரிகம். என் மதிப்புரையின் நகல் டாக்டருக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் நான் அவருடைய நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். வாயில் பஞ்சு. உறிஞ்சுகுழாய். விளக்கு. நர்ஸ் அக்கா தபால் உறையை நீட்டினார். டாக்டர் கையுறையோடு பிரித்து, என் தலைக்கு மேல் பிடித்து, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

ஒருவர் தன் சொந்த எழுத்தைக் கேட்கக்கூடாத நிலைகள் சில உண்டு. அதில் இது ஒன்று.

"'இலக்கியம் முடிந்துபோன பொருள் அல்ல, நடந்துகொண்டே இருக்கும் செயல். இந்த நாவல் அதை மறந்து, நாயகனைக் கொன்று, கதவைச் சாத்திக்கொள்கிறது.'" நிறுத்தினார். என் ஆய்வேட்டின் மைய வரி அது. பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வில் இதே வரியைச் சொன்னபோது மூன்று பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டிய மூவருக்கும் பற்கள் முழுசாக இருந்தன. டாக்டர் கீழே இருந்த பெயரைப் பார்த்தார். என் சிகிச்சை அட்டையைப் பார்த்தார். மறுபடி பெயரைப் பார்த்தார். துளைக்கும் கருவி அவர் இன்னொரு கையில் இருந்தது.

"நீங்களா?"

"ஆஆ" என்றேன்.

இத்தோடு என் விமர்சன வாழ்வும் தாடையும் ஒரே அமர்வில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் முகக்கவசத்தைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "பாதி வாழ்க்கை எழுதியே போச்சும்மா. படிச்சவங்க எல்லாரும் நல்லாருக்கு டாக்டர், நல்லாருக்கு டாக்டர்னு சொல்லிட்டுப் பல்லக் காட்டிட்டுப் போயிடுவாங்க. இப்படி ஒருத்தரும் சொன்னதில்ல. அப்ப இது இன்னும் முடியலையா?"

"ஆஆ" என்றேன் மறுபடியும். வேறு என்ன சொல்ல முடியும்.

"முடியலை!" என்று நர்ஸ் அக்காவிடம் திரும்பிச் சொன்னார். லாட்டரி விழுந்தவர் முகம். அக்கா என் பல்லைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த தேதி குறித்தார்.

உங்கள் நெறிப்படி அவர் பதில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நாவலை மாற்றினார். கிளினிக்கை ஒட்டியே ஓர் அச்சகம். பத்து பத்துப் பிரதியாக அடித்துக் கொடுப்பார்கள். இரண்டாவது வடிவத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் சாகவில்லை, உட்கார்ந்து காத்திருந்தார். உங்களுக்கும் பிரதி வந்தது. "பழைய மதிப்புரை இனி பொருந்தாதே, புதுசா எழுதுங்க" என்றீர்கள். நாற்காலி வரியை எழுதினேன். நகல் அவருக்குப் போனது. மூன்றாவது வடிவத்தில் அவரே அடுத்த வண்டியில் ஏறிப் போய்விட்டார். கொடி காட்ட ஆளில்லை. மனைவிக்குக் குரலே இல்லை என்று எழுதினேன். நான்காவதில் மனைவி ஓர் அத்தியாயம் முழுக்க மூச்சுவிடாமல் பேசினாள். இவ்வளவு பேசுகிறவள் ஏன் போக வேண்டும் என்று எழுதினேன். ஐந்தாவதில் என் பழைய மதிப்புரைகளில் இருந்தே பேசுகிறாள். நான் ஒரு நூலை மதிப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடும் பஸ்ஸை அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் நானே தள்ளிவிட்ட பஸ்.

இதற்கு நடுவில் கைவிரல் விவகாரம். பல் டாக்டர்கள் எல்லோரும் சொல்வதுதான்: "வலிச்சா இடது கையைத் தூக்குங்கம்மா." இவர் சிகிச்சை செய்துகொண்டே புது அத்தியாயத்தை மனப்பாடமாகச் சொல்லுவார். ஒருமுறை, 'அவள் நிழல் அவளுக்கு முன்னால் வண்டி ஏறியது' என்றார். என் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

கருவியை நிறுத்தினார். "வலிக்குதா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

யோசித்தார். முகம் மலர்ந்தது. "நிழலா?"

"ஆஆ."

"எனக்கும் அங்க ஒரு நெருடல் இருந்ததும்மா." உடனே பேனாவை எடுத்து என் மார்பின் மேல் விரித்திருந்த காகிதத் துண்டில் குறித்துக்கொண்டார். அன்று முதல் குழப்பம் வராமல் இருக்க ஒரு முறை வைத்தோம். ஒரு விரல் என்றால் பல். இரண்டு விரல் என்றால் பத்தி. நான் கையைத் தூக்கியதும் "பல்லா, பத்தியா?" என்பார். காத்திருப்பு அறையில் இருந்தவர்கள் இதை ஏதோ புது மருத்துவம் என்று நினைத்தார்கள். ஒருவர் தனக்கும் பத்தி பார்க்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்தாராம். நர்ஸ் அக்கா மட்டும் எதிலும் சேரவில்லை. "எனக்கு அந்தச் சாவு பிடிச்சிருந்தது சார்," என்று ஒருமுறை பஞ்சை நீட்டிக்கொண்டே சொன்னார். "சின்னதா, ஒழுங்கா இருந்தது. இப்ப அந்தாளு எங்க இருக்காருன்னே எனக்குத் தெரியல."

ஐயா, இதுவரை சொன்னது இலக்கியம். இனி வருவதுதான் கஷ்டம்.

மூன்றாவது வடிவம் முடிந்த சமயம், என் பல்லுக்குக் கேப் என்ற நிரந்தர மூடி போட வேண்டிய நாள். டாக்டர் தற்காலிக அடைப்பையே மறுபடி வைத்தார். ஏன் என்று சைகையில் கேட்டேன். "தற்காலிகம்தாம்மா. ஆனா எது தற்காலிகமில்ல, சொல்லுங்க? நிரந்தரமா ஒரு கேப்பைப் போட்டு மூடிட்டா அப்புறம் அந்தப் பல்லுக்கும் நமக்கும் என்ன பேச்சு இருக்கு?" என்றார். இதில் பாதி என் ஆய்வேடு. வாய் கொப்பளித்துவிட்டுச் சொன்னேன்: "டாக்டர், நான் புத்தகத்தைப் பத்திச் சொன்னேன்." அவர் அன்பாகச் சிரித்தார். "வாயைப் பத்தியும் அதாம்மா உண்மை. எனக்கு எப்பவோ தெரியும். சொல்லத்தான் வார்த்தை இல்லாம இருந்துச்சு. நீங்க குடுத்தீங்க."

அதற்குப் பிறகு அந்தக் கிளினிக்கில் எந்தப் பல்லும் முடியவில்லை. தெருவே ஒருபக்கமாக மென்றது. தையல்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். "தங்கச்சி, நான் நூலைப் பல்லாலதான் அறுப்பேன். கத்தரிக்கோல் இல்லையான்னு கேக்காதீங்க, இருக்கு. என் வாய்க்கு அது தெரியணுமில்ல? முன்பல்லுல ஏதோ மாவு மாதிரி வச்சு அனுப்பியிருக்காரு. கேட்டா, உங்க பேரச் சொல்றாரு. நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? அந்தப் பச்சைச் சட்டையில கை கொஞ்சம் ஏறிப்போச்சு, அதுக்கா?"

தையல்காரரைக்கூடச் சமாளித்திருப்பேன். என்னால் சமாளிக்க முடியாதது அம்மா.

என் அம்மா பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்வது அவள். கையில் விசில் இருந்தாலும் அவளுடைய கருவி குரல்தான். டீக்கடையில் அசந்து உட்கார்ந்திருக்கும் டிரைவரை மேசையைவிட்டு எழாமலேயே எழுப்பிவிடுவாள். மேல்வரிசைப் பற்கள் ஆடிப்போனதால் பல்செட் போட முடிவானது. முதலில் மெழுகில் ஒரு மாதிரி செய்து, வாயில் வைத்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் அதைப்போலவே நிஜமான செட் வரும். அம்மாவின் மெழுகு மாதிரி சரியாகவே இருந்தது. டாக்டர் அதையே போட்டு அனுப்பிவிட்டார். வாராவாரம் கூப்பிட்டு ஒரு பல்லை அரை நூல் இறக்குவார், அடுத்த வாரம் ஏற்றுவார். "இந்த முன்பல் இன்னும் பேச ஆரம்பிக்கலைங்க," என்பாராம்.

அம்மாவும் பேச முடியவில்லை. சூடாக எதையும் குடிக்க முடியாது, பல் வளையும். உரக்கக் கத்தினால் செட் முன்னால் வந்துவிடும். ஆகவே வாயைப் பொத்திக்கொண்டு, அடங்கிய குரலில், "வண்டியை எடுப்பா" என்கிறாள். யாரும் எடுப்பதில்லை. ஒரு டிரைவர், சின்னப் பையன், "அக்கா, முன்னெல்லாம் நீங்க திட்டினா கடிச்ச மாதிரி இருக்கும்கா, இப்ப தடவிக் குடுக்கிற மாதிரி இருக்கு" என்று இன்னொரு டீ சொன்னானாம். அதை வந்து சொல்லும்போது அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வெளிக்கேட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்து, காஸை மூடினியா, தண்ணி புடிச்சியா, பின்கதவு தாழ்ப்பாள் என்று தெருவுக்கே கேட்கச் சொல்லுவாள். இப்போதும் திரும்பிப் பார்க்கிறாள். சைகையில் சொல்கிறாள்.

"உன் படிப்பு என் வாயிலதான் வந்து விடியணுமாடி?" என்றாள் போன வாரம்.

"நான் சொன்னது வேற அர்த்தத்துலம்மா."

"எந்த அர்த்தத்துல சொன்னே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு பாப்போம்."

சொன்னேன். பிரதி என்பது வாசிப்பில்தான் நிகழ்கிறது, ஆசிரியன் நிறுத்தும் இடத்தில் அது நிற்பதில்லை என்றெல்லாம். பொறுமையாகக் கேட்டாள். "இதைச் சொல்ல உனக்கு எல்லாப் பல்லும் வேணுமில்ல?" என்றாள்.

நேராக டாக்டரிடம் போனேன். நோயாளியாக அல்லாமல், நின்றுகொண்டு, வாயில் பஞ்சில்லாமல். அம்மாவின் பல்லையாவது முடித்துக் கொடுங்கள் என்றேன். அவர் சங்கடப்பட்டார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் சிக்கல். "நீங்க எழுதினதை நம்பித்தாம்மா நான் இத்தனையும் மாத்திக்கிட்டேன். இப்ப நின்னுக்கிட்டுச் சொன்னா எப்படி? அதே மாதிரி எழுதிக் குடுங்க. எழுத்துல இருந்தா நான் மறு பேச்சு பேசமாட்டேன்."

ஆகவே, ஐயா, என் ஐந்தாவது மதிப்புரை கீழே. தயவுசெய்து அடுத்த இதழிலேயே அச்சிடுங்கள். நெறிப்படி போக வேண்டிய நகலை இம்முறை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

'கடைவாய்' முடிந்துவிட்ட நாவல். இலக்கியம் ஒரு பொருள். மேசை போல, சாவி போல, பல்செட் போல. செய்து முடித்ததும் செய்தவர் கையை எடுத்துவிட வேண்டும். இதற்கு மாறாக இந்த மதிப்புரையாளர் முன்பு கூறியவை அனைத்தும் வயதுக் கோளாறு.

இதை நான் நம்பவில்லை என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எழுதும்போது வலதுபக்கம் விண்ணென்றது. இரண்டு வருடம் நூலகத்தில் உட்கார்ந்து கட்டிய ஒரே ஒரு எண்ணம் அது. எனக்கென்று வேறு இல்லை. ஆனால் பஸ் நிலையத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் ஒருத்தியின் முன்னால் அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் போதவில்லை. இனி உங்களுக்கு விமர்சனம் எழுதுவேனா தெரியாது. எழுதினால் சமையல் புத்தகங்கள் அனுப்புங்கள். அவற்றில் கடைசியில் எல்லாம் வெந்துவிடும்.

அம்மா தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள், சைகையில். தங்கள் இதழும் இல்லமும், தங்கள் வாயில் உள்ள அனைத்தும், அதனதன் இடத்தில் உறுதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் செயல்வாதி

பின்குறிப்பு: மேலே உள்ளதை உடனே தபாலில் போடவில்லை. டாக்டரிடம் முதலில் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "முடிஞ்சுதான் போச்சு, இல்ல?" என்றார். அச்சுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அந்த வாரமே வேலையை ஆரம்பித்தார். அம்மாவுக்கு நிஜமான செட் வந்துவிட்டது. போட்ட அன்றே பஸ் நிலையத்தில் மூன்று வண்டிகள் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டனவாம், பயணிகள் இல்லாமல். தையல்காரர் என் பச்சைச் சட்டையின் கையை இலவசமாக இறக்கித் தந்தார்.

கடைசியாக என் முறை. இன்று. அம்மா துணைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரர் கடைசிச் சோதனைக்காக வெளியே காத்திருந்தார். கேப் டாக்டர் விரலில். நர்ஸ் அக்கா கண்ணாடித் தகட்டில் சிமெண்ட் குழைத்தார். குழைத்தால் சீக்கிரம் இறுகிவிடும். "முடிஞ்ச நாவலோட கடைசிப் பத்தி. ஒரே ஒரு தடவை சொல்லிடறேன், விடைகொடுக்கிற மாதிரி," என்றார் டாக்டர். ஐந்தாவது வடிவம். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வருகிறாள். வண்டி ஏறுகிறாள். அவர் கொடியைத் தூக்குகிறார். 'வண்டி நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.'

ஐந்து வடிவத்திலும் அந்த வரி அப்படியே இருந்தது. அவர் தொடவில்லை. நானும் தொடவில்லை. கதைகளில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பழகிப்போய்க் கண் அதைத் தாண்டிவிட்டது. முடிந்துவிட்டது என்று நானே எழுதிக் கொடுத்த பிறகுதான் காதில் விழுகிறது.

என் இடது கை மேலே போனது.

"கையை இறக்குடி," என்றாள் அம்மா. புதுப்பல். முழுக்குரல். வாசலில் ஒரு ஆட்டோ நின்றது.

இறக்கினேன். சத்தியமாக இறக்கினேன், பாதி வரை.

டாக்டர் கேப்பை வாயருகே கொண்டுவந்தவர் நின்றார். அவர் கேட்கவே கூடாது. கேட்டார். "பல்லா, பத்தியா?"

இரண்டு விரல்.

"எந்த இடம்மா?"

வாயில் பஞ்சு. கழுத்தைத் திருப்பி, நாற்காலிக்குப் பின்னால், வாசலைப் பார்த்தேன். டாக்டரும் வாசலைப் பார்த்தார். அங்கே யாருமில்லை. தையல்காரர் மட்டும் இருந்தார், நிலைமை புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். டாக்டரின் கை மெல்லத் தாழ்ந்தது.

"திரும்பிப் பாக்கறாளா?"

"ஆஆ," என்றேன்.

"அடுப்பை அணைச்சோமான்னு," என்றார் அவர், தனக்குள்.

நர்ஸ் அக்கா தகட்டைச் சாய்த்துக் காட்டினார். சிமெண்ட் இறுகிவிட்டது. அம்மா தன் பல்செட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஆகவே, ஐயா, மேலே உள்ள மறுப்பை அச்சிட வேண்டாம். கடிதத்தையே கிழித்துப் போட்டிருக்கலாம். சில இடங்கள் நன்றாக வந்திருப்பதால் மனம் வரவில்லை. சமையல் புத்தகங்களும் வேண்டாம். ஆறாவது வடிவம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். இந்தப் பின்குறிப்பை டாக்டரின் மேசையில்தான், அவருடைய பேனாவில் எழுதினேன். எழுதி முடித்து, வாய் கொப்பளித்தேன்.